ஒரு ஐப்பசி, ஒரு சித்திரை: வண்டலூர் – கூடுவாஞ்சேரி பக்கம் புதிதாகக் குடிவருவோருக்கு

தாம்பரம் தாண்டினால் வாடகை குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். வாடகை குறைவது உண்மை. ஆனால் சென்னைக்குள் கேட்காமலே கிடைக்கிற சில விஷயங்களை இங்கே ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, குப்பையை யார் எடுப்பார்கள், கடைசி ரயிலைத் தவறவிட்டால் வீட்டுக்கு எப்படி வருவது என்று பட்டியல் கொஞ்சம் நீளம்.

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என்று ஜி.எஸ்.டி. சாலையை (சென்னையிலிருந்து தெற்கே போகும் பெரிய நெடுஞ்சாலை) ஒட்டிக் கிடக்கும் ஊர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: எடுத்த எடுப்பில் வீடோ மனையோ வாங்கிவிடாதீர்கள். ஒரு ஐப்பசி மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் வாடகை வீட்டில் கழியுங்கள். மழை எந்தத் தெருவில் நிற்கிறது, வெயிலில் எந்தத் தெருவின் போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றுகிறது என்பதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். நீங்களே பார்த்தால்தான் உண்டு.

1. தெரு எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறது?

இதுதான் முதல் கேள்வி. வாடகை எவ்வளவு என்பது அப்புறம்.

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. பெருங்களத்தூர் வரை அதற்குள் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் வண்டலூர், ஊரப்பாக்கம் ஆகியவை ஊராட்சிகள். நந்திவரம்-கூடுவாஞ்சேரி ஒரு நகராட்சி, மறைமலைநகர் இன்னொரு நகராட்சி. ரயிலில் கால் மணி, இருபது நிமிடத்தில் கடந்துவிடுகிற தூரத்துக்குள் மூன்று வகை உள்ளாட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குப்பை வண்டி வரவில்லை என்றாலும், வீட்டு வரி கட்ட வேண்டும் என்றாலும் யாரிடம் போவது என்பதை இந்த எல்லைதான் தீர்மானிக்கிறது. சில இடங்களில் தெருவின் ஒரு பக்கம் ஒரு நிர்வாகம், எதிர்ப்பக்கம் இன்னொன்று என்றுகூட இருக்கும். வீட்டுக்காரரிடம் வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாவட்ட எல்லையும் இதே வேலையைச் செய்யும். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதை ஒட்டியே இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மழை வந்தால் இரண்டு ஊருக்கும் ஒரே தண்ணீர்தான், மனு கொடுக்க வேண்டிய ஆட்சியர் அலுவலகம் மட்டும் வேறு. காவல் நிலையக் கணக்கு இன்னும் வேறு மாதிரி. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் காவல் நிலையங்கள் 2022-இல் உருவான தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன.

முகவரி எழுதும்போது பின்கோடைச் சரியாகப் போடுங்கள். வண்டலூர் 600048. அடுத்த ஊரான ஊரப்பாக்கத்திலேயே 603210 என்று மாறிவிடும், கூடுவாஞ்சேரி 603202. 'சென்னை' என்று மட்டும் எழுதி 600 என்று தொடங்கினால் பார்சல் ஊர் சுற்றிவிட்டு வரும். இன்னொரு தொல்லை, நகர்களின் பெயர். ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு மூன்று நகர்கள் இருக்கும். அதனால் ஊர்ப் பெயர், நகர்ப் பெயர், தெரு எண், பக்கத்தில் தெரிகிற ஒரு கோயிலோ கடையோ, எல்லாவற்றையும் சேர்த்தே எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

2. வீடு பார்க்கும்போது மழையைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் பள்ளி விடுமுறையைக் கணக்கில் வைத்து ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்க்கிறார்கள். அப்போது எல்லாத் தெருவும் காய்ந்து பளிச்சென்று இருக்கும். இந்தப் பகுதி முழுக்க ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களுமாக இருந்த நிலம். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி மறுகால் போனால் அந்தத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் அந்த இரண்டு ஊர்களும் மூழ்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தண்ணீர் புதிதாக எங்கும் வந்துவிடவில்லை. அது எப்போதும் போகிற வழியில் நாம்தான் வீடு கட்டிக்கொண்டோம்.

மே மாதத்திலும் ஐப்பசியைப் பார்க்க முடியும். தெருவுக்குள் நுழைந்ததும் இவற்றைக் கவனியுங்கள்.

காம்பவுண்டுச் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு தெரிகிறதா? புதிதாக வெள்ளையடித்த வீட்டில் அது மறைந்திருக்கும். அதனால் எதிர்வீடு, பக்கத்துவீடு, காலி மனையின் சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு மாற்றிப் பொருத்தியிருந்தால், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். மோட்டாரைச் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து மேலே ஏற்றி வைத்திருந்தாலும் அப்படியே. புதிதாகக் கட்டுகிற வீடுகள் சாலையிலிருந்து நான்கைந்து படி உயரத்தில் எழும்புகின்றனவா? கட்டுகிறவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பத்துப் பதினைந்து வருட வீடுகள் சாலைக்குக் கீழே இறங்கிவிட்ட தெருக்களும் உண்டு. அங்கே தரைத்தளம் வேண்டாம். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பிறகு விசாரிப்பு. வீட்டுக்காரரிடம் கேட்டால் "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது சார்" என்றுதான் பதில் வரும். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடமும் பால் போடுபவரிடமும் கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு, மிக்ஜாம் புயலப்ப எத்தனை நாள் நின்னுச்சு?" என்று ஆண்டைச் சொல்லிக் கேட்டால் கையைக் காட்டி உயரத்தைச் சொல்வார்கள். மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பர் முதல் வாரம், எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கும்.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதும் மழையோடு சேர்ந்த கேள்விதான். ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. வீடு ஒரு பக்கமும் பேருந்து நிறுத்தம் மறுபக்கமும் இருந்தால், கடக்கிற வழி மேம்பாலமா, சுரங்கப்பாதையா, நிலைய நடைமேம்பாலமா என்று நடந்தே பாருங்கள். சுரங்கப்பாதை என்றால் பெருமழை நாளில் அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மறைமலைநகர் மட்டும் இதில் கொஞ்சம் மாறுபடும். மறைமலையடிகள் பெயரில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்டமிட்டு உருவாக்கிய புதுநகரம் அது. சாலைகள் நேராக இருக்கும், தெருக்கள் அகலம், பூங்காவுக்கு இடம் விட்டிருப்பார்கள். ஆனால் தொழிற்சாலைகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர், சென்னையிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. வேலை அந்தப் பக்கமே என்றால் யோசிக்காமல் அங்கே போய்விடலாம். தினமும் கிண்டிக்கோ எழும்பூருக்கோ போக வேண்டியவர் நன்றாக யோசிக்க வேண்டும்.

3. தண்ணீர்

மழைக்கு அடுத்து இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் இங்கே வீட்டுக்கு வராது. உள்ளாட்சி தருகிற தண்ணீர் சில தெருக்களில் வீட்டு இணைப்பாகவும் சில தெருக்களில் பொதுக் குழாயாகவும் வரும். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு என்று அந்தத் தெருவில் இருப்பவரிடம் கேளுங்கள். பக்கத்துத் தெருவின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மற்றபடி எல்லாம் போர் தண்ணீர்தான். கேட்க வேண்டியவை: போர் எத்தனை அடி? சித்திரை, வைகாசியில் மோட்டார் எவ்வளவு நேரம் இழுக்கிறது? சம்ப் (தரைக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டி) எத்தனை லிட்டர்? போன கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா? வாங்கினோம் என்றால் அந்தச் செலவை யார் கொடுத்தார்கள்? அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். மாதப் பராமரிப்புக் கட்டணத்திலேயே லாரித் தண்ணீர் அடங்குமா, கோடையில் தனியாகப் பங்கு போடுவார்களா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஏப்ரல், மே மாத லாரியில் போய்விடும்.

தண்ணீரின் தரம் தெருவுக்குத் தெரு மாறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு பார்க்கப் போகலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. அந்த மீட்டர் உப்பின் அளவைச் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். மீட்டர் இல்லையென்றால் குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, ஷவரின் பாதி ஓட்டைகள் அடைத்திருந்தால் உப்புத் தண்ணீர். ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும், தலைமுடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரமா, கேன் தண்ணீரா என்பது அவரவர் வசதி. கேன் வாங்குவதென்றால் மூடியில் சீல் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நிரப்பிய தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்.ஓ. வைத்தால் வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து வாசல் கழுவலாம். இந்த ஊரில் தண்ணீரைக் கொட்டிவிட மனசு வராது.

மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீடுகளில் தொட்டி இருக்கும், குழாய் மட்டும் சாலையைப் பார்த்து நீட்டியிருக்கும். அந்த வீட்டுப் போரில் சித்திரையில் தண்ணீர் இருக்காது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

4. செப்டிக் டேங்க்

பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களே இங்கே அதிகம். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது லாரி வந்தது, எத்தனை குடும்பத்துக்குப் பொது என்று தயங்காமல் கேளுங்கள். நான்கு குடும்பத்துக்கு ஒரு சின்ன டேங்க் என்றால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது கழிவறைத் தண்ணீர் இறங்காது. டேங்குக்கும் போருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் கண்ணால் பாருங்கள். அரை கிரவுண்டில் கட்டிய வீடுகளில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

சுத்தம் செய்ய லாரியைத்தான் கூப்பிட வேண்டும். டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "கொஞ்சம் கூடக் கொடுத்தா இறங்கிச் சுத்தமா எடுத்துடுவாங்க" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விஷவாயு தாக்கி உயிர்கள் போன செய்தி வராத ஆண்டு இல்லை.

5. ஒப்பந்தமும் அட்வான்ஸும்

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய. இந்த 'ஒழிய'வைப் பிடித்துக்கொண்டு ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் உண்டு. பேசிக் குறைக்கலாம். புறநகரில் காலி வீடுகள் அதிகம், நீங்கள் கேட்டால் இறங்கி வருவார்கள்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தண்ணீர் லாரிச் செலவு, செப்டிக் டேங்க் செலவு, மோட்டார் பழுது மூன்றும் யார் தலையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நகரத்து மாதிரி ஒப்பந்தப் படிவங்களில் இந்த மூன்றும் இருக்காது.

மின்சாரத்துக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருக்கிற வீடாகப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கைக்கணக்குப் போட்டால் அந்த 100 யூனிட் சலுகை அவருக்கு, அதிக விலை உங்களுக்கு. மின் இணைப்பு எண்ணை வாங்கிச் செயலியில் போட்டுப் பழைய பாக்கி எதுவும் இல்லையே என்று பார்த்துவிடுங்கள். மின் தடைப் புகாருக்கு மின்னகம்: 94987 94987.

6. போக்குவரத்து

கடற்கரை – செங்கல்பட்டு மின்ரயில்தான் இந்த ஊர்களின் உயிர். கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு சுமார் 60. தாம்பரம் வரை வண்டிகள் அடிக்கடி வரும், அதற்குத் தெற்கே பாதிக்குப் பாதியாகக் குறைந்துவிடும். வீடு பார்க்க வருபவர்கள் தாம்பரத்தின் கணக்கை வைத்தே கூடுவாஞ்சேரிக்கும் திட்டம் போடுவார்கள், பிறகு தாம்பரம் நடைமேடையில் அடுத்த செங்கல்பட்டு வண்டிக்காக நின்றுகொண்டிருப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலைநாளில், நீங்கள் அலுவலகம் போகும் அதே நேரத்தில், அதே வண்டியில் போய்விட்டு அதே நேரத்தில் திரும்பி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து பார்த்துவிட்டு "முக்கால் மணி நேரம்தான்" என்று முடிவு கட்டாதீர்கள்.

சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், மாதாந்திரமோ மூன்று மாதமோ. பேருந்துக்கும் பெட்ரோலுக்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன மின்ரயிலும் இந்தத் தடத்தில் ஓடுகிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு, கட்டணமும் தனி. மெட்ரோவுக்கு மாற வேண்டுமானால் கிண்டி, எழும்பூர், பூங்கா நிலையங்கள் வசதி. விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறையும், பராமரிப்பு வேலை என்று சில நாள்களில் பகுதி ரத்தும் உண்டு. ஞாயிறன்று தேர்வு எழுதப் போகிறவர்கள் முந்தைய நாள் மாலையே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேருந்து என்றால், பிராட்வேயிலிருந்து தாம்பரம் வழியாக வண்டலூர்ப் பக்கம் வரும் 21ஜி, செங்கல்பட்டு வரை போகும் 500 ஆகிய எண்களை மனத்தில் வையுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ. எத்தனை மணி வரை ஓடும் என்று ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் நிலையத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய தெரு, பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரிப்படாது. தெருவிளக்கும் நாய்களும் எப்படி என்று ஒரு நாள் ராத்திரி போய்ப் பார்த்தால் தெரியும். பெரும்பாலோர் நிலையத்து வண்டி நிறுத்தத்தில் பைக்கை விட்டுவிட்டு ரயிலேறுகிறார்கள், அதற்கும் மாதக் கட்டணம் உண்டு.

சிறுசேரி, நாவலூர்ப் பக்கம் வேலை என்றால் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலைதான் வழி. ஒரகடம், படப்பை என்றால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை. வடக்கே பூந்தமல்லி, மீஞ்சூர் என்றால் வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை. இந்த மூன்றில் எதையாவது தினமும் பிடிக்க வேண்டியவர்கள் ஊரப்பாக்கத்துக்குத் தெற்கே போகாமலிருந்தால் ஜி.எஸ்.டி. நெரிசலில் ஒரு பகுதி மிச்சம்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நகரத்தில் இருப்பவர்கள் அதன் தூரத்தைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள். நமக்கோ மதுரைப் பேருந்து வாசலிலேயே நிற்கிறது. தென் மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் இவ்வளவு பேர் இங்கே வந்து குடியேறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தெற்கிலிருந்து ரயிலில் திரும்பும்போது எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ இறங்கி உள்ளூர் மின்ரயிலைப் பிடியுங்கள்.

7. வந்த முதல் மாதத்தில்

ஆதாரில் முகவரி மாற்றம் முதலில். மற்ற எல்லாமே அதைக் கேட்கும். குடும்ப அட்டையின் முகவரியைப் பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ மாற்றிக்கொள்ளலாம். இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலரைப் பார்க்க வேண்டும். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு வண்டலூர் வட்டம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. எரிவாயு இணைப்பையும் உடனே மாற்றுங்கள், பழைய விநியோகஸ்தர் இவ்வளவு தூரம் வரமாட்டார்.

மருத்துவமனைகளை இரண்டாகப் பிரித்து மனத்தில் வையுங்கள். காய்ச்சல், தலைவலிக்குத் தெருமுனை டாக்டரும் ஆரம்ப சுகாதார நிலையமும் போதும். பெரிய விஷயம் என்றால் தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வடக்கே குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, நடுவில் பொத்தேரியில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வீட்டில் முதியவர் இருந்தால், மாலை நெரிசலில் உங்கள் தெருவிலிருந்து எது சீக்கிரம் என்று ஒரு முறை வண்டியில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். அதன் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவேதான் எப்போது தண்ணீர் வரும், எந்த எலக்ட்ரீஷியன் நம்பகமானவர், எந்தத் தெருவில் பாம்பு என்ற செய்திகள் வரும். பாம்பு வரும், காலி மனைகளில் புதர் மண்டிக் கிடக்கிறதே! மழை தொடங்கியதும் செருப்பை உதறிப் போடுங்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அடிக்கப் போகாமல், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், 101.

ஊராட்சியில் குடியிருப்பவர்களுக்கு நகரத்தில் கிடைக்காத ஒரு வசதி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும். "நாங்க அபார்ட்மென்ட்காரங்க, கிராம சபைக்கு எதுக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். வாக்காளராக இருந்தால் போய்ப் பேசலாம், தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். கால்வாய் தூர்வார வேண்டும் என்பதை அக்டோபர் 2 கூட்டத்தில் சொன்னால் மழைக்கு முன் ஏதாவது நடக்க வாய்ப்பு உண்டு. நவம்பர் 1 அன்று சொன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

8. முதல் மழைக்காலம்

புரட்டாசி கடைசிக்குள் செய்ய வேண்டியவை: சம்ப் மூடி சரியாக மூடுகிறதா, மொட்டைமாடி வடிகால் குழாயில் இலை அடைத்திருக்கிறதா, இன்வெர்ட்டர் தரையில் இருக்கிறதா. தரையில் இருந்தால் மேலே தூக்கி வையுங்கள். பத்திரங்கள், சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், பரண் மேல். தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் கார், பைக்கை மேடான சாலைக்கு முன்கூட்டியே கொண்டுபோய் விடுங்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் போன வண்டியைத் தள்ளுவதைவிட இது எளிது. சம்ப்பில் மழைத் தண்ணீர் கலந்துவிட்டால் முழுக்க இறைத்துக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். செப்டிக் டேங்கும் அதே தண்ணீரில்தான் நிற்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

அந்த மழையில் தெருத்தெருவாக ஒரு நடை போய்வாருங்கள். ஏரியின் கலங்கல் (நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் இடம்) எங்கே இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்த மனைகளின் மூலைக்கல் மட்டும் நீருக்கு மேல் தலைநீட்டிக்கொண்டிருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தை பிறந்ததும் அதே மனைகளுக்குக் கொடி கட்டி, பந்தல் போட்டு, மோர் கொடுத்து விற்பார்கள்.

9. வாங்குவதென்றால்

சித்திரையும் கழிந்துவிட்டது, இங்கேயே இருக்கலாம் என்று தோன்றுகிறது, அப்படித்தானே? இனி பத்திரங்களைப் பார்க்கலாம்.

முப்பது ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று எடுங்கள், பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டாவில் விற்பவரின் பெயர்தான் இருக்கிறதா, உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று வருவாய்த் துறை இணையதளத்தில் சரிபாருங்கள். புலப்பட வரைபடம் கட்டாயம். மனைக்குள்ளோ ஓரத்திலோ வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாதை போகிறதா என்பது அதில்தான் தெரியும். மழையில் நீங்கள் எடுத்த படத்தையும் அந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்லும்.

மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்க வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை 2017-இல் வந்த திட்டத்தின்படி வரன்முறைப்படுத்தியவர்கள் உண்டு, அதற்கு 2016 அக்டோபர் 20-க்கு முன் மனைப்பிரிவு உருவாகியிருக்க வேண்டும். அப்படி என்றால் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டமாக இருந்தால் ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வேண்டும். அடுக்குமாடியில் உங்கள் பங்குக்கு வருகிற பிரிக்கப்படாத நிலம் எவ்வளவு என்பதைப் பத்திர வரைவிலேயே சரிபாருங்கள். மனைக்குப் பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம். வங்கிக் கடன் கணக்குப் போடும்போது இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகைக்கடன் தேடி ஓடுபவர்கள் நிறையப் பேர்.

வழக்கறிஞர் கருத்துக்குச் செலவாகிற சில ஆயிரத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். விற்பவர் பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம்.

10. பண்டிகைக்கு முந்தைய நாள்

கடைசியாக, இங்கே வந்தபின் எல்லோரும் தெரிந்துகொள்கிற ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு நாள் மாலைகளில் சென்னை முழுக்க ஜி.எஸ்.டி. சாலை வழியாகத்தான் ஊருக்குக் கிளம்பும். பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை வண்டிகள் ஊர்ந்து போகும். விடுமுறை முடிகிற ஞாயிறு இரவு எதிர்த்திசையில் அதே கதை. அந்த நாள்களில் அலுவலகத்திலிருந்து திரும்ப மின்ரயிலைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். துணி, பட்டாசு, கரும்பு எல்லாவற்றையும் தாம்பரம் சந்தைக்குப் போகாமல் கூடுவாஞ்சேரியிலேயே வாங்கிவிடுங்கள். சொந்த ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியோடு ரயிலேறிச் செங்கல்பட்டு போய் அங்கிருந்து பேருந்து பிடித்தால், கிளாம்பாக்கத்தில் முந்தைய வண்டியில் ஏறியவரை மேல்மருவத்தூர் பக்கத்தில் முந்திவிடலாம்.